மூன்று புள்ளி ஒரே கோட்டில் வராமல்: முடிவுறு வடிவியலும் பல்லுறுப்புக்கோவைகளும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

முதுகலைக் கணித மாணவர்களுக்கு முடிவுறு வடிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பு முடிந்ததும் மேசையருகே வந்து நிற்பவர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒரே பத்துப் பன்னிரண்டு கேள்விகள்தான். அவர்கள் கேட்டபடியே அவற்றை எழுதிப் பதிலும் வைத்திருக்கிறேன். மேல்நிலைப் பள்ளி இயற்கணிதம் நினைவிருந்தால் முதல் பாதி புரியும். பிற்பாதிக்குத் தாளும் பேனாவும் வேண்டும். அடிக்கடி வரும் குறியீடுகள் மூன்றுதான்: கிடை அளவு அ, உயர அளவு இ, களத்தில் (களம் என்ன என்பது இரண்டாம் கேள்வியில்) உள்ள உறுப்புகளின் எண்ணிக்கை க.

சார், புள்ளியே மொத்தம் 25தான் இருக்குன்னா அது எப்படி வடிவியல் ஆகும்? வெறும் கட்டம்தானே?

வடிவியலுக்கு நீளமும் கோணமும் கட்டாயம் இல்லை. புள்ளி எது, கோடு எது, எந்தப் புள்ளி எந்தக் கோட்டில் இருக்கிறது என்று தெரிந்தால் போதும். இரண்டு புள்ளிகள் வழியே ஒரே ஒரு கோடு போக வேண்டும். அது ஒன்று இருந்தாலே கேட்பதற்கு ஏராளமான கேள்விகள் வந்துவிடும்.

கோலத்துக்கு வைப்பதுபோல ஐந்து வரிசையில் ஐந்தைந்து புள்ளி வையுங்கள். இரு பக்கமும் 0 முதல் 4 வரை எண் போடுங்கள். கூட்டல், பெருக்கல் எல்லாம் 5-ஆல் வகுத்தால் வரும் மீதியில். இப்போது இ = 2அ + 1 என்ற கோட்டைக் குறியுங்கள்: (0,1), (1,3), (2,0), (3,2), (4,4). தாளில் சிதறிக் கிடப்பதுபோல் தெரியும். ஆனாலும் அது கோடுதான். இப்படி ஆறு திசைகள், திசைக்கு ஐந்து, மொத்தம் 30 கோடுகள். எந்த இரண்டு புள்ளியை எடுத்தாலும் அவற்றின் வழியே போவது இந்த 30-ல் ஒன்றே ஒன்று. கண்ணுக்கு நேராகத் தெரிவதை விட்டுவிட்டுச் சமன்பாட்டை நம்பப் பழக ஒரு வாரம் ஆகும். அவசரப்பட வேண்டாம்.

5-க்குப் பதிலா 6 எடுத்தா என்ன குறைஞ்சிடும்?

6-ஆல் வகுத்த மீதியில் 2 × 3 = 0. அங்கேயே வடிவியல் உடைகிறது. இ = 0, இ = 2அ என்ற இரு கோடுகளும் அ = 0 என்ற இடத்திலும் வெட்டும், அ = 3 என்ற இடத்திலும் வெட்டும். இரண்டு புள்ளி வழியே இரண்டு கோடு வந்துவிட்டது. பூச்சியம் அல்லாத எந்த எண்ணாலும் வகுக்க முடிகிற அமைப்புதான் களம். அது பகா எண்ணின் அடுக்கு அளவில் மட்டுமே கிடைக்கும்: 2, 3, 4, 5, 7, 8, 9, 11 என்று போகும். 6-ம் இல்லை, 10-ம் இல்லை. இந்தக் களங்களை 1830-இல் கல்வா அறிமுகப்படுத்தினார்.

4 உறுப்புள்ள களம் என்றால் 4-ஆல் வகுத்த மீதி என்று நினைத்துவிடாதீர்கள்; அங்கே 2 × 2 = 0. அந்தக் களத்தின் உறுப்புகள் 0, 1, வ, வ+1. விதிகள் இரண்டு: 1 + 1 = 0, வ² = வ + 1. இந்தச் சின்னக் களம் பின்னால் இரண்டு முறை திரும்ப வரும்.

முடிவிலிப் புள்ளின்னு எதையோ சேர்க்கிறீங்களே, அது உண்மையான புள்ளியா?

மற்றவற்றைப் போலவே உண்மையான புள்ளி. ஒரு திசையில் உள்ள இணைகோடுகள் எல்லாம் சந்திக்கும் இடமாக, திசைக்கு ஒரு புள்ளி சேர்க்கிறோம். அப்படிச் சேர்த்த க + 1 புள்ளிகளும் சேர்ந்து ஒரு புதுக் கோடு. இதுதான் வீழ்ப்புத் தளம்: க² + க + 1 புள்ளிகள், அத்தனையே கோடுகள், கோட்டுக்கு க + 1 புள்ளிகள், புள்ளி வழியே க + 1 கோடுகள். க = 5 என்றால் 31. க = 2 என்றால் ஏழு புள்ளி, ஏழு கோடு கொண்ட ஃபானோ தளம். சேர்ப்பதன் பயன், இனி எந்த இரண்டு கோடும் தவறாமல் வெட்டும். விதிவிலக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டாம்.

"சிறப்புப் புள்ளிக் கணம்"னு எதைச் சொல்றீங்க?

கோடுகள் அந்தக் கணத்தை எத்தனை புள்ளியில் வெட்டுகின்றன என்று எண்ணுங்கள். ஏதோ ஒரு புள்ளிக் கூட்டத்தை எடுத்தால் 0, 1, 2, 3 என்று எல்லாம் வரும். அந்த எண்ணிக்கைக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தால் கணம் சிறப்பானது. மூன்று புள்ளிகள் ஒருபோதும் ஒரே கோட்டில் வராத கணத்துக்கு வில் என்று பெயர். எல்லாக் கோட்டையும் தொடும் கணம் இன்னொரு வகை. எல்லாத் திசையிலும் ஒரு முழுக் கோட்டை அடக்கிய கணம் மூன்றாவது வகை. இந்தப் பக்கத்தில் இவை மூன்றையும் பார்ப்போம், வில்லைத்தான் அதிகமாக.

ஒரு வில்லில் அதிகபட்சம் எத்தனை புள்ளி?

வில்லில் ஒரு புள்ளியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதன் வழியே க + 1 கோடுகள். ஒவ்வொன்றிலும் வில்லின் இன்னொரு புள்ளி ஒன்றுக்கு மேல் இருக்க முடியாது. ஆகவே மொத்தம் க + 2-ஐத் தாண்டாது. சரியாக க + 2 இருந்தால் எந்தக் கோடும் வில்லை 0 அல்லது 2 புள்ளியில்தான் வெட்டும். வெளியே ஒரு புள்ளியில் நின்று பாருங்கள்: அதன் வழியே போகும் கோடுகள் வில்லின் புள்ளிகளை இரண்டிரண்டாகப் பிரித்துவிடும். அப்போது க + 2 இரட்டைப்படை, அதாவது க இரட்டைப்படை. க ஒற்றைப்படை என்றால் எல்லை க + 1.

இதை 1947-இல் எழுதியவர் ஆர். சி. போஸ், கல்கத்தாவில். அவர் தேடியது வடிவியலை அல்ல. சோதனைகளை எப்படித் திட்டமிட வேண்டும் என்ற புள்ளியியல் கேள்விதான் அவரை இங்கே கொண்டுவந்தது. இவ்வளவு சிறிய வாதம் இவ்வளவு துல்லியமான எல்லையைத் தருவது எனக்கு இன்றும் பிடித்த விஷயம்.

அந்த எல்லையை எட்டுற வில் உண்மையிலேயே இருக்கா?

இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த பரவளையம்தான். 5-இன் களத்தில் இ = அ² வரையுங்கள்: (0,0), (1,1), (2,4), (3,4), (4,1). செங்குத்துத் திசையின் முடிவிலிப் புள்ளியையும் சேர்த்தால் ஆறு. அதாவது க + 1.

ஏன் மூன்று புள்ளி ஒரே கோட்டில் வரவில்லை? ஒரு கோட்டை இ = மஅ + ந என்று எழுதி வெட்டினால் அ² − மஅ − ந = 0. இருபடிச் சமன்பாடு, களத்தில் அதற்கு இரண்டு மூலத்துக்கு மேல் கிடையாது. செங்குத்துக் கோடு பரவளையத்தை ஒரு முறையும் முடிவிலிப் புள்ளியில் ஒரு முறையும் சந்திக்கும். அவ்வளவுதான். இந்தத் துறை முழுவதையும் தாங்குகிற தூண் இதுதான்: பூச்சியம் அல்லாத, படி ப உள்ள ஒரு மாறிப் பல்லுறுப்புக்கோவைக்குக் களத்தில் ப மூலங்களுக்கு மேல் இல்லை. களம் இல்லாவிட்டால் இது பொய். 8-ஆல் வகுத்த மீதியில் அ² = 1 என்பதற்கு 1, 3, 5, 7 என்று நான்கு தீர்வுகள்.

பரவளையம் ஒரு உதாரணம், சரி. க + 1 புள்ளியோட வேற மாதிரி வில் ஏதாவது இருக்கணுமே?

க ஒற்றைப்படை என்றால் இல்லை. க + 1 புள்ளி உள்ள வில்லுக்கு ஓவல் என்று பெயர். ஒற்றைப்படைக் களத்தில் ஒவ்வொரு ஓவலும் ஒரு கூம்பு வளைவு, அதாவது ஓர் இருபடிச் சமன்பாட்டின் தீர்வுகள். யார்னெஃபெல்ட், குஸ்டான்ஹைமோ என்ற இரு ஃபின்லாந்துக்காரர்கள் 1949-இல் இப்படித்தான் இருக்கும் என்று ஊகித்தார்கள். நம்பும்படி இல்லை என்று அமெரிக்கக் கணிதர் மார்ஷல் ஹால் மதிப்புரையில் எழுதினார். 1955-இல் இத்தாலியின் பெனியாமினோ செக்ரே அதை நிறுவிவிட்டார். தம் ஐயமும் செக்ரேயைத் தூண்டியிருக்கிறது போலும், இனி எழுப்பும் ஐயங்களும் இப்படிப் பலன் தந்தால் மகிழ்ச்சி என்று ஹால் பிறகு எழுதினார். பெருந்தன்மையான வார்த்தை.

நிறுவலின் இதயத்தைக் காட்டுகிறேன். ஓவலின் ஒவ்வொரு புள்ளி வழியேயும் க + 1 கோடுகள். க கோடுகள் மற்றப் புள்ளிகளுக்குப் போகும். மிச்சம் ஒன்று தொடுகோடு. ஓவலில் மூன்று புள்ளி எடுத்து முக்கோணம் போடுங்கள். ஒரு முனை வழியே, இரு பக்கங்கள் போக, க − 1 கோடுகள் உண்டு. அவற்றுக்குக் களத்தின் பூச்சியம் அல்லாத க − 1 எண்களைப் பெயராக வைக்கலாம். எந்த ஒரு புள்ளியை மூன்று முனைகளோடு இணைத்தாலும் வரும் மூன்று பெயர்களின் பெருக்கம் 1 ஆகும்படி வைக்க முடியும். இது பள்ளியில் படித்த சீவா தேற்றமேதான். இப்போது மூன்று முனைகளிலும் எல்லாப் பெயர்களையும் பெருக்குங்கள். வில்சன் தேற்றத்தின்படி (பூச்சியம் அல்லாத எல்லா எண்களின் பெருக்கம் −1) ஒரு முனையில் −1; மூன்று முனையில் −1 × −1 × −1 = −1. ஓவலின் மற்றப் புள்ளிகளால் வரும் பங்கு 1. ஆகவே மூன்று தொடுகோடுகளின் பெயர்ப் பெருக்கம் −1.

அந்த ஒரு கழித்தல் குறிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஓவலின் எந்த மூன்று புள்ளிக்கும் இதை எழுதலாம். எழுதிச் சுருக்கினால் மற்றப் புள்ளிகள் எல்லாம் ஓர் இருபடிச் சமன்பாட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். எந்தச் சமன்பாடும் இல்லாமல் "மூன்று ஒரே கோட்டில் வராது" என்று மட்டும் சொன்னோம். சமன்பாடு தானாக வந்து நின்றது.

இரட்டைப்படைக்கு ஏன் அந்த நிறுவல் ஓடாது?

க இரட்டைப்படை என்றால் 1 + 1 = 0; ஆகவே −1-ம் 1-ம் ஒன்றே. முந்தின பதிலின் பெருக்கம் 1 ஆகிறது. அதே சீவா இப்போது வேறு சேதி சொல்கிறது: மூன்று தொடுகோடுகளும் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. எந்த மூன்றை எடுத்தாலும் அப்படியே. ஓவலின் எல்லாத் தொடுகோடுகளும் போய்ச் சேரும் அந்தப் புள்ளிக்கு மையக்கரு என்று பெயர். அதையும் சேர்த்தால் க + 2 புள்ளி வில் கிடைக்கும். இதை ஹைப்பர் ஓவல் என்கிறோம்.

பரவளையத்திலேயே பாருங்கள். இ = அ²-இன் தொடுகோட்டுச் சாய்வு 2அ. இங்கே 2 = 0. எல்லாத் தொடுகோடும் கிடைக்கோடு! கிடைத் திசையின் முடிவிலிப் புள்ளிதான் மையக்கரு. 4 உறுப்புக் களத்தில் எழுதினால் (0,0), (1,1), (வ, வ+1), (வ+1, வ), இரண்டு முடிவிலிப் புள்ளிகள்; மொத்தம் ஆறு. எந்தக் கோட்டை வரைந்தாலும் இந்த ஆறில் இரண்டைத் தொடும், அல்லது ஒன்றையும் தொடாது. ஒரு மாலை உட்கார்ந்து 21 கோடுகளையும் சரிபார்த்துவிடுங்கள். 15 கோடுகள் தொடும், 6 தொடாது.

ஓ-பல்லுறுப்புக்கோவைன்னா என்ன? அந்த "ஓ" எதுக்கு?

ஓவலின் ஓ. இரட்டைப்படைக் களத்தில் எந்த ஹைப்பர் ஓவலையும் நகர்த்தி வைத்து, "(அ, அ-வின் ஒரு கோவை) என்ற க புள்ளிகள், கூடவே கிடை, செங்குத்து முடிவிலிப் புள்ளிகள்" என்று எழுதிவிடலாம். அப்படி வரும் கோவைதான் ஓ-பல்லுறுப்புக்கோவை. இரண்டு நிபந்தனை: கோவை எந்த மதிப்பையும் இரண்டு முறை எடுக்கக்கூடாது, வளைவின் எந்தப் புள்ளியிலிருந்தும் மற்றப் புள்ளிகளுக்குப் போகும் சாய்வுகள் எல்லாம் வெவ்வேறாக இருக்க வேண்டும்.

அ⁴-ஐச் சோதிப்போம். இரு புள்ளிகளுக்கு இடையிலான சாய்வு, வித்தியாசத்தின் நான்காம் அடுக்கை வித்தியாசத்தால் வகுத்தது. அதாவது வித்தியாசத்தின் கனம். (இரட்டைப்படைக் களத்தில் நான்காம் அடுக்கு கூட்டலை மதிக்கும்.) கனங்கள் எல்லாம் வெவ்வேறாக இருக்க, க − 1 என்பது 3-ஆல் வகுபடக்கூடாது. க = 8 என்றால் 7, தேறும். க = 16 என்றால் 15, தோற்கும். க = 32 என்றால் 31, தேறும்; அங்கே கிடைப்பது கூம்பு வளைவிலிருந்து வராத புது ஹைப்பர் ஓவல். இந்த வகையை 1957-இல் கண்டவரும் செக்ரேயே. ஒற்றைப்படையில் கதவைச் சாத்தியவரே இரட்டைப்படையில் திறந்தும் வைத்தார்.

அப்போ எல்லா ஹைப்பர் ஓவலும் கண்டுபிடிச்சாச்சா?

இல்லை. க = 16-இல் லுனெல்லி, ஷே இருவரும் 1958-இல் கணினியின் துணையோடு புதிதாக ஒன்றைக் கண்டார்கள். 1983-இல் க்ளின், 1985-இல் பெய்ன் புதுக் குடும்பங்களைத் தந்தார்கள். பிறகு ஆஸ்திரேலிய ஊர்ப்பெயர் தாங்கிய சுபியாகோ, அடிலெய்ட் குடும்பங்கள் வந்தன. க = 64 வரை பட்டியல் முழுமை. அதற்கு மேல் பொதுவான வகைப்பாடு இல்லை.

எந்தச் சார்பையும் பல்லுறுப்புக்கோவையா எழுதலாம்னு முதல் வகுப்பில் சொன்னீங்க. அப்புறம் பல்லுறுப்புக்கோவைன்னு சொல்றதில என்ன பெருமை?

நல்ல கேள்வி, கேட்காதவர்களும் கேட்டிருக்க வேண்டியது. முடிவுறு களத்தில் எந்தச் சார்பையும் க − 1 படிக்குள் ஒரு கோவையாக எழுதிவிடலாம். ஆகவே "பல்லுறுப்புக்கோவை" என்பது ஒரு தகுதியே அல்ல. படி குறைவாக இருப்பதுதான் தகுதி.

இன்னொரு பொறியும் உண்டு. அ-வின் க-ஆம் அடுக்கிலிருந்து அ-வைக் கழித்தால் வரும் கோவை களத்தின் எல்லா உறுப்பிலும் பூச்சியம். ஆனால் அது பூச்சியக் கோவை அல்ல. கோவை வேறு, சார்பு வேறு. ஒவ்வொரு மாறியின் படியும் க-வுக்குக் கீழே இருந்தால் மட்டும் இரண்டும் ஒன்று. கீழே உள்ள இரண்டு நிறுவல்களும் இந்த வாக்கியத்தின் மேல்தான் நிற்கின்றன.

முடிவிலிப் புள்ளி சேர்க்காத தளத்தில் எல்லாக் கோட்டையும் தொட எத்தனை புள்ளி வேணும்?

ஒரு முழு வரிசை, ஒரு முழு நெடுவரிசை எடுத்தால் போதும்: 2க − 1. ஐந்துக்கு ஐந்தில் 9. இதைவிடக் குறைக்க முடியாது என்று 1977-இல் ஜேமிசனும், 1978-இல் பிராவர், ஸ்க்ரைவர் இருவரும் நிறுவினார்கள்.

கணத்தில் ஒரு புள்ளியை ஆதியாக (0,0) வையுங்கள். ஆதி வழியே போகாத ஒவ்வொரு கோடும் சஅ + தஇ = 1 என்ற வடிவம். மற்ற ஒவ்வொரு புள்ளிக்கும் (சஅ + தஇ − 1) என்ற காரணி எழுதி எல்லாவற்றையும் பெருக்குங்கள். மாறிகள் ச, த. எல்லாக் கோடும் தொடப்படுவதால் இந்தக் கோவை (0,0) தவிர எங்கும் பூச்சியம்; (0,0)-இல் மட்டும் பூச்சியம் அல்ல. ஓரிடத்தில் மட்டும் உயிரோடு இருக்கும் கோவைக்கு 2(க − 1) படியாவது தேவை. காரணிகளின் எண்ணிக்கையே படி. ஆதியையும் சேர்த்தால் 2க − 1. களத்திலிருந்து பிறக்காத தளங்களும் உண்டு. அவற்றில் சிலவற்றில் இந்த எல்லை பொய்த்துவிடுகிறது. வெறும் எண்ணலால் கிடைக்காததைக் கோவை தருகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

கேக்கேயா கணம் பற்றி இரண்டே பக்கத்தில் நிறுவல்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மை. எல்லாத் திசையிலும் ஒரு முழுக் கோட்டை அடக்கிய கணம்தான் கேக்கேயா கணம். அது எவ்வளவு சிறியதாக இருக்கலாம் என்று 1999-இல் தாமஸ் வுல்ஃப் கேட்டார். பெரியவர்கள் பலர் முயன்ற கேள்விக்கு 2008-இல் ஸீவ் த்விர் விடை தந்தார்.

முப்பரிமாணத்தில் சொல்கிறேன். க − 1 படிக்குள் உள்ள மூன்று மாறிக் கோவைக்கு க(க+1)(க+2)/6 கெழுக்கள்; க = 5 என்றால் 35. கணத்தில் 34 புள்ளிகளே இருந்தால், அத்தனையிலும் பூச்சியமாகும் ஒரு கோவை நிச்சயம் கிடைக்கும். சமன்பாட்டைவிடத் தெரியாக் கணியங்கள் அதிகம். ஒரு திசையின் கோடு முழுவதும் கணத்தில் இருக்கிறது. அந்தக் கோட்டின் மேல் நம் கோவை ஒரு மாறிக் கோவை. படி க − 1-ஐத் தாண்டாது, மூலங்கள் க. ஆகவே எல்லாக் கெழுவும் பூச்சியம். உச்சப்படிக் கெழு என்பது, கோவையின் உச்சப்படிப் பகுதியில் அந்தத் திசையை இட்ட மதிப்பு. எல்லாத் திசையிலும் அது பூச்சியம் என்றால், முந்தின பதிலுக்கு முந்தின பதிலில் சொன்னபடி, அந்தப் பகுதியே பூச்சியக் கோவை. உச்சப்படிப் பகுதி பூச்சியமாக முடியாது. முரண்பாடு.

தளத்தில் இதே வாதம் க(க+1)/2 தரும். க இரட்டைப்படை என்றால் அதைத் துல்லியமாக எட்டலாம், அதுவும் ஹைப்பர் ஓவலால்! புள்ளியும் கோடும் இடம் மாறினால் ஹைப்பர் ஓவல் க + 2 கோடுகளாகும். எந்தப் புள்ளியிலும் 0 அல்லது 2 கோடு. ஒன்றை முடிவிலிக் கோடாக வையுங்கள். மற்ற க + 1 கோடுகள் திசைக்கு ஒன்று. க = 4 என்றால் ஐந்து கோடு, கோட்டுக்கு நான்கு புள்ளி, ஒவ்வொரு புள்ளியும் இரண்டு முறை எண்ணப்படுவதால் 10 புள்ளிகள். ஒற்றைப்படையில் இன்னும் (க − 1)/2 புள்ளிகள் கூடுதலாக வேண்டும். ப்ளோக்ஹாய்ஸ், மட்சோக்கா இருவரும் 2008-இல் நிறுவியது.

"செட்"னு ஒரு சீட்டு விளையாட்டு இருக்கே, அதுவும் இதுதானா?

ஆமாம். 81 சீட்டு என்பது 3-இன் களத்தில் நான்கு பரிமாண வெளியின் 81 புள்ளி. ஒரு "செட்" என்பது ஒரு கோடு, அதாவது மூன்று சீட்டு. செட்டே இல்லாமல் மேசையில் அதிகபட்சம் 20 சீட்டு வைக்கலாம். 1974-இல் விளையாட்டு உருவாவதற்கு முன்பே, 1971-இல் பெல்லெக்ரினோ இதை நிறுவியிருந்தார். பரிமாணம் 1 முதல் 6 வரை விடைகள் 2, 4, 9, 20, 45, 112. பரிமாணம் கூடக் கூட எண்ணிக்கை 2.756-இன் அடுக்கைத் தாண்டாது என்று 2016-இல் எலன்பெர்க், கைஸ்வைட் காட்டினார்கள். அதுவும் குறைந்த படிக் கோவைகளை எண்ணியே.

இதுக்கெல்லாம் வெளியில் பயன் இருக்கான்னு வீட்டில் கேட்கிறாங்க சார்.

கடையில் பணம் செலுத்த ஸ்கேன் செய்யும் கியூஆர் கட்டத்தைக் காட்டுங்கள். அதில் ஒரு சிறு பகுதி அழுக்கானாலும் படிக்க முடிவது, 256 உறுப்புக் களத்தின் மேல் ரீட்–சாலமன் குறியீடு இருப்பதால். செய்தியைக் குறைந்த படிக் கோவையாக்கி, அதன் மதிப்புகளைத் தேவைக்கு அதிகமாக அனுப்பும் முறை அது. அந்தக் குறியீடுகள் உயர்பரிமாணத்தில் நம் பரவளையம்தான். அங்கே வில்லின் எல்லை என்ன என்ற செக்ரேயின் கேள்விக்கு, க பகா எண்ணாக இருக்கும்போது 2012-இல் சிமியோன் பால் விடை தந்தார். மற்றக் களங்களுக்கு முழு விடை இல்லை.

நானே கையால் ஏதாவது செய்து பார்க்க முடியுமா?

ஏழுக்கு ஏழு புள்ளி வைத்து, 7-ஆல் வகுத்த மீதியில் வேலை செய்யுங்கள். எந்தச் சூத்திரமும் இல்லாமல், மூன்று ஒரே கோட்டில் வராதபடி ஒவ்வொன்றாகப் புள்ளி சேருங்கள். ஆறில் சிக்கிக்கொண்டால் பின்னால் போய் மாற்றுங்கள். முடிவிலிப் புள்ளிகளையும் சேர்த்துக்கொள்ளலாம். எட்டுப் புள்ளி கிடைத்ததும் அவற்றில் ஏதாவது ஐந்தை எடுத்து, அவற்றின் வழியே போகும் ஒரே இருபடிச் சமன்பாட்டைக் கண்டுபிடியுங்கள். பிறகு மிச்சமுள்ள மூன்று புள்ளிகளை அதில் இட்டுப் பாருங்கள்.